பல் டாக்டர் கேட்டார்

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குள் செருப்போடு போகிற வழக்கம் இல்லை. சாமிக்குப் போகிற பூ என்று வரப்பிலேயே கழற்றி விட்டுவிடுவோம். நிலக்கோட்டை மார்க்கெட்டில் இறங்கிய பிறகு அந்தப் பூ யார் தலைக்குப் போகிறதோ, எந்தப் படத்துக்குப் போகிறதோ, நமக்கென்ன தெரியும். ஆனாலும் கழற்றிவிடுவோம்.

போன தை மாதம் செடிகளைக் கவாத்து வெட்டிவிட்டு எரு வைத்துக்கொண்டிருந்தோம். வெட்டின கட்டைகள் தரையை ஒட்டிச் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் எருக்கூடையைச் சுமந்து வரும்போது அதில் ஒன்று வலது குதிகாலில் ஏறிவிட்டது. அவரை வரப்பில் உட்காரவைத்து, வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நான்தான் நோண்டினேன். துரும்பு மாதிரி ஒன்று வந்தது. ரத்தம் அதிகமில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்தேன்.

“அம்புட்டும் வந்துருச்சா?” என்றார்.

“வந்துருச்சு” என்றேன்.

அடுத்த நாளே கூடையைத் தூக்கிவிட்டார். எனக்கும் மறந்துபோயிற்று.

எட்டு நாள் கழித்து ஒரு காலையில் வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கையை இறக்கினார். வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. கடைவாய்ப் பல் வேலையைக் காட்டுகிறது என்றார். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார். மறுநாள் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். எங்கள் ஒரே மகள் நாகல் நகரில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்ததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. கடையோ பேங்க்கோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அவர் பேசுவார், நான் பையை வைத்துக்கொண்டு பின்னால் நிற்பேன். “ஏ ஊமக்கோட்டான், ஆமான்னாச்சும் சொல்லேன்டி” என்று நாலு பேர் இருக்கும்போதே கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

பல் டாக்டர் விளக்கை அடித்து, இருக்கிற சந்தில் பார்த்தார். தாடையை அழுத்திப் பார்த்தார். “பல்லுல பெருசா ஒண்ணும் தெரியலையே பெரியவரே” என்றார். பிறகு கேட்டார். “சமீபத்துல எங்கயாச்சும் அடிபட்டுச்சா? முள்ளு, ஆணி ஏதாச்சும் குத்துச்சா?”

என் வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டினார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு காயமே இல்லை.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. குதிகால், ஊக்கு, துரும்பு, எல்லாம் வந்தது. அவர் இல்லை என்ற பிறகு நான் எப்படி ஆமாம் என்பது? பையின் காதை முறுக்கிக்கொண்டு நின்றேன். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, ரெண்டு நாளில் சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

இரண்டாவது நாள் கழுத்து விறைத்துவிட்டது. முதுகு பாயை விட்டு மேலே வளைந்தது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உடம்பு முழுக்கத் தேடி, குதிகாலைக் கண்டுபிடித்துக் கீறினார். உள்ளேயிருந்து அரிசி அளவில் ஒரு மரத்துண்டு வந்தது. பிறகு என் மகளைக் கூப்பிட்டு ரணஜன்னி, டெட்டனஸ் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“காயத்துல இருக்குற கிருமி ஒரு விஷத்தை விடுதும்மா. நரம்போட மேற்பரப்புல சர்க்கரைத் துணுக்குங்க கொத்துக் கொத்தா நீட்டிக்கிட்டு இருக்கும். விஷம் வந்து அதைத்தான் பிடிக்கும். பிடிச்சுதுன்னா நரம்புக்குள்ள நுழைஞ்சு முதுகுத்தண்டுக்கு ஏறிரும்.”

“அப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாதே டாக்டர். காப்பிக்கு மூணு கரண்டி போட்டுக் குடிக்கிற ஆளு.”

“அது ரத்தத்துல இருக்குறது. நான் சொல்றது எல்லாருக்கும் பிறவியிலேயே இருக்கு. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு.”

“அதான் ஊசி போட்டுட்டீங்கள்ல?”

“இன்னும் எதையும் பிடிக்காம அலையுற விஷத்தைத்தான் ஊசி மடக்கும். நரம்பைப் பிடிச்சு உள்ள போனதை எடுக்க மருந்து இல்லம்மா. புதுசா நரம்பு முனை முளைக்கணும். வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அவரு தாங்கணும்.”

தரிசில் நடந்தால் சேலை ஓரத்தில் ஒட்டுப்புல் விதை ஏறிக்கொள்ளும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடலாம். இது துணிக்குள்ளேயே போய்விடுகிற விதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பல் டாக்டர் முன்னால் நின்றதிலிருந்து அன்றைக்குவரை இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எவ்வளவு போய் ஒட்டியிருக்கும்?

அவரைத் தனி அறையில் போட்டார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டாலும், சத்தம் கேட்டாலும், தொட்டாலும் உடம்பு வில்லாக வளைந்துவிடும். நர்ஸ் பெண்ணின் கையிலிருந்து ஒரு மூடி விழுந்ததற்கே அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். டாக்டரம்மா மகளிடம், “உங்கம்மா உள்ள இருக்கட்டும். இருக்கிற இடமே தெரியல” என்றார். ஆக, பேசாமல் இருப்பதற்காக என்னை அங்கே உட்காரவைத்தார்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது, கண் என்னைத் தேடும். காலில் குத்தினதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். கையையாவது பிடித்துக்கொள்ள நினைத்தேன். இரண்டும் கூடாது.

பிள்ளை உண்டாகியிருந்தபோது எனக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள். அவருக்கு யாரும் போட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் மகள் வண்டிச் சாவியை எடுத்தாள். “அந்தப் பல் டாக்டர ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாரேன். காயம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எங்கப்பா இருந்திருப்பாருல்ல?” பத்து நாளாக வந்தவர் போனவரிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம், “அவரு கேட்டாரு” என்றேன்.

“என்னது?”

“முள்ளு, ஆணி குத்துச்சான்னு கேட்டாரு. உங்கப்பா இல்லன்னு தலையாட்டுனாரு.”

“நீ எங்க இருந்த?”

“அங்கனதான் நின்னேன்.”

“உனக்குத் தெரியுமா, கால்ல குத்துனது?”

“நான்தான எடுத்துவிட்டேன்.”

அவள் மாட்டின செருப்பைக் கழற்றினாள். ஏதாவது சொல்லித் திட்டிவிட்டால் நல்லது என்று நின்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதும் தினம் போன் செய்கிறாள். “சாப்டியா?” என்பாள். சாப்பிட்டேன் என்பேன். “என்ன வெஞ்சனம்?” என்பாள். சொல்வேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவளாக வைத்துவிடுவாள்.