உபவாச நாளின் மாத்திரை

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரையும் படிக்கவைத்து, சொந்தக் காலில் நிற்கவைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பாட்டுப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பேன், எழுத்துக் கூட்டி எழுதுவேன். அதற்காக யாரிடமும் தலை குனிந்தது கிடையாது.

என் பேத்தி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். "ஆச்சி, மாத்திரை மருந்தைப் பத்தி நாங்க பாடத்துல படிக்கோம். வீட்டுக்குள்ள போனா அது என்ன பாடு படுதுன்னு எங்களுக்குத் தெரியல. தாத்தாவுக்கு நடந்ததை எழுதித் தாங்க, வகுப்புல வாசிக்கேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவருக்கு வெகுகாலமாக உண்டு. காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு சின்ன மாத்திரை. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பது நான். ஆஸ்பத்திரிக்கும் கூடவே போவேன். அங்கே எல்லோரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். படித்தவர், அவருக்குச் சொன்னால் போதும் என்ற நினைப்பு. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமை. எங்கள் சபையில் அன்று மத்தியானம் மும்மணி ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரசங்கிப்பார்கள். மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். அதுவரை என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மட்டும்தான். காலையில் வழக்கம்போல மாத்திரைக்குக் கை நீட்டினார்.

"வெறும் வயித்துல எப்படிப் போடுவிய?" என்றேன்.

"ஏளா, மாத்திரை என்ன இட்லியா? மருந்து உபவாசத்தை முறிக்காது. ஒரு நாளும் தவறக்கூடாதுன்னுல்லா டாக்டர் சொல்லிருக்காரு."

"சாப்பாட்டை ஒட்டித்தான போடணும்னாவ?"

"பள்ளிக்கூடம் நடத்துனது நானா, நீயா? தா இங்கன."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் ஜனங்கள் எல்லோருடைய எண்ணமும் அதுதான். உபவாசத்தில் சோற்றைத்தான் விடுவோம், மருந்தை விடமாட்டோம்.

கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான்காம் வார்த்தைப் பிரசங்கத்தின்போது அவர் தலை முன்பெஞ்சில் சாய்ந்தது. சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள், "பாத்தியளாக்கா, சார் எப்படி உருகி ஜெபிக்காவ!" என்று காதில் சொன்னாள். அவர் ஜெபிக்கிற விதம் எனக்குத் தெரியாதா? முதுகு வளையாமல் ஜெபிக்கிற மனிதர். நான் பாதி எழுந்தேன். "இருங்கக்கா, பிரசங்கம் முடியட்டும்" என்று அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் கோயிலில் ஆராதனை நடுவே ஒரு பெண் ஆண்கள் பக்கம் போகிற வழக்கம் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். கண் மட்டும் அவர்மேல் இருந்தது.

பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். அவரும் எழுந்தார். கை நடுங்கிப் புத்தகம் கீழே விழுந்தது. திடீரென்று, "ஏலே, வரிசையா நில்லுங்கலே!" என்று அதட்டினார். பள்ளிக்கூடத்தில் நிற்பதாக நினைத்துவிட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். அப்புறம் நான் வழக்கத்தைப் பார்க்கவில்லை, ஓடினேன்.

கோயிலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சீனித் தண்ணீர் வந்தது. விழுங்க முடிந்ததால் குடித்தார். சற்று நேரத்தில் தெளிந்து, "ஒண்ணுமில்ல, வெக்கை" என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லித் திரும்பிக்கொண்டார்கள். ஏழாம் வார்த்தை முடியாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வாங்கினவர் குடிக்கவில்லை. கிண்ணம் சரிந்து வேட்டியெல்லாம் கஞ்சி. கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருவர் மறுபடியும் சீனித் தண்ணீரை வாயில் ஊற்றினார். அது கடைவாயில் வழிந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் என்னிடம் பேசினார். என் வீட்டுக்காரரிடம் பேச முடியாததால் என்னிடம் பேசினார்.

"அம்மா, சாப்பிடாம மாத்திரை போட்டதால சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு. முழிப்பு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். முதல்ல குடுத்த சீனி கொஞ்ச நேரந்தான் தாங்கும். இந்த மாத்திரை அப்படியில்ல. வயசானவங்க உடம்புல, அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தா, ரொம்ப நேரம் சர்க்கரையைக் கீழ இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு தடவை தெளிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்திரணும்."

அப்படியேதான் நடந்தது. தெளிவார், பேசுவார், மறுபடியும் அமிழ்ந்துபோவார். அம்மை, மஞ்சள் காமாலை, விஷக்காய்ச்சல் என்று ஐந்து பிள்ளைகளுக்கும் பார்த்த கை இது. அந்தக் கட்டில் பக்கத்தில் இந்தக் கைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈஸ்டர் மணிச் சத்தத்தை அங்கே நின்றுதான் கேட்டேன்.

பிழைத்துவிட்டார். மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் இன்றைக்கும் அது வெக்கைதான் என்கிறார். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளை, "சாப்பாட்டோட சேர்த்துத்தான மாத்திரை போடுதீங்க, ஐயா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார். உபவாச நாளில் நடந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நாலு பேருக்கு முன்னால் என் புருஷனைப் பொய்யராக்க எனக்கு நாக்கு எழவில்லை. வெளியே வந்ததும், "இந்த வருசமும் உபவாசம் இருப்பேன், மாத்திரையும் போடுவேன். நீ தரலைன்னா எனக்கு எடுக்கத் தெரியாதா?" என்றார். பிள்ளைகள் போனில் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் கேட்கிறவர் இல்லை.

நர்ஸ் படிக்கிற பிள்ளைகளே, "ஒழுங்கா சாப்பிடுதீங்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தெந்த நாள் சாப்பிடமாட்டீர்கள் என்று கேளுங்கள். உபவாசமோ, விரதமோ, நோன்போ, அது வருவதற்கு முன்பே வந்து டாக்டரிடம் கேட்டுப் போகச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த மாத்திரையை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். பக்கத்தில் பையோடு இருப்பவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் நான் பதில் சொல்லலாம். நானாகச் சொன்னால் அது கோள்.

பெரிய வெள்ளி நெருங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த வழி எதுவும் பாக்கி இல்லை.

மக்கா, எழுதிவிட்டேன். தாத்தா உள் அறையில் முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். வகுப்புக்குக் கொண்டுபோகுமுன், அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இதை இங்கே ஒரு தடவை சத்தமாக வாசி.