பொருந்திக்கொண்டோம் என்று வாப்பா சொல்லவில்லை

வாப்பா மௌத்தாகி ஒரு வருடமாகிறது. அன்னாரின் நல்ல குணங்களை எழுதித் தரும்படி மூத்த மகளான என் ராத்தா கேட்டார். ஏழாம் வகுப்போடு ஓடிப்போய், புத்தளத்து உப்பளத்திலும் லொறிகளிலும் காலம் கழித்த எனக்கு நடந்ததை மட்டுமே எழுதத் தெரியும்.

வாப்பா மருதமுனையில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்தார். கல்முனையில் உம்மாவைக் கல்யாணம் முடித்து, உம்மாவின் வீட்டிலேயே குடியிருந்தார். ஆளும் கட்சியின் அமைப்பாளரானார். எதிர்த்துப் பேசியவர்களை விசாரணையின்றி அடைத்த ஆட்சி அது. வாப்பாவின் கடிதத்தால் உத்தியோகம் பெற்றோர் பலர். அவர் எழுதிய இன்னொரு கடிதத்தால் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் பதினொரு மாதம் சிறையில் கிடந்தார். இதை மறைத்து எழுத மாட்டேன்.

ஆட்சி விழுந்த மறுநாள் கூட்டம் வந்தது. வாசல் படலையைத் திறந்துவிட்டவர் உம்மாவின் காக்கா. வாப்பாவின் கடிதத்தால் வேலை பெற்ற என் மாமா. தங்கச்சியின் வீடென்றும் பாராமல் எரிய விட்டார். வாப்பாவும் உம்மாவும் சொறிக்கல்முனைக்கு ஓடினார்கள். தமிழ் விவசாயி ஒருவர் தன் வயல் வாடிக் குடிசையை ஒதுங்கக் கொடுத்தார். மூன்று போகம் வாப்பா அங்கே கூலிக்கு வயல் செய்தார். திரும்பி வந்தபோது, அவரிடம் உத்தியோகம் வாங்கியவர்கள் ஒருவரும் சலாத்துக்குப் பதில் சொல்லவில்லை. மாஸ்டர் மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து, வீடெரிக்க வந்தவர்களில் எவர் மௌத்தானாலும் வாப்பா ஜனாஸாத் தொழுகையில் முதல் வரிசையில் போய் நின்றார். தொழுகைக்கு முன், "இவர் செய்த குறைகளைப் பொறுத்துப் பொருந்திக்கொள்ளுங்கள்" என்று மௌத்தானவரின் மகன் கேட்பது நம் வழக்கம். எல்லோரும் "பொருந்திக்கொண்டோம்" என்பார்கள். வாப்பா வாயைத் திறக்க மாட்டார். மாமாவின் ஜனாஸாவுக்கு ஊர் வந்திருந்த நான் பக்கத்தில் நின்றேன். மாமாவின் மகன் வாப்பாவையே பார்த்து மூன்று முறை கேட்டார். வாப்பா தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு சொல்லுதானே வாப்பா," என்றேன் வழியில்.

"ஓம், ஒரு சொல்லுதான். மத்ததெல்லாம் எரிச்சிட்டானுகள். இது ஒண்டுதான் என்ட கையில மிச்சம் இரிக்கி."

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார்:

"மகன், என்ட ஜனாஸாவில நீ அதக் கேட்கப்படாது."

"ஏன் வாப்பா?"

"கேட்டா எரிச்சவனுகளும் குடுத்திருவானுகள். மாஸ்டர்ட்ட மட்டும் கேளு. வீட்ட போய்க் கேளு."

வாப்பா மௌத்தான காலையில் போய்க் கேட்டேன். மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பத்து வருசம் என்ட வாசலாலதான் தொழப் பள்ளிக்குப் போனார். ஒருநாள் நிண்டு கேட்கல்ல. அப்ப கடிதம் அனுப்பினார், இப்ப மகன அனுப்பிரிக்கார்," என்றார். பிறகு, "நான் பொருந்திக்கொள்ளல்ல, மகன். ஜனாஸாவுக்கு வாறன்."

பள்ளிவாசலில் இமாம் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் கேட்கவில்லை. கேட்காமலே பின்வரிசைகளிலிருந்து "பொருந்திக்கொண்டோம்" என்று சத்தம் எழும்பியது. மாஸ்டர் முதல் வரிசையில் வாய்மூடி நின்றார்.

வாடி தந்த விவசாயிக்கும், இரண்டு வேளை சோறு தந்த அவர் மனைவிக்கும், வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாஸ்டருக்கும் நன்றி. அவருக்கு வாப்பா அல்லாஹ்விடத்தில் பதில் சொல்வார். பின்வரிசையில் சத்தமிட்டவர்களுக்கு ஒன்று: நீங்கள் தந்ததை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இனி ஊரை விட்டுப் போவதாக இல்லை. உங்களில் எவருடைய ஜனாஸாவானாலும் சொல்லி அனுப்புங்கள். முதல் வரிசையில் வந்து நிற்பேன்.