குறி உள்ள தோல்

மாடு ஒன்று காணாமற் போனால் முதலில் எங்கள் கொட்டிலுக்குத்தான் ஆள் வரும். புளியங்குளம் சந்தியில் எத்தனையோ பேர் தொழில் செய்தார்கள். தேநீர்க் கடைக்காரர் இருந்தார், வண்டில் பட்டறைக்காரர் இருந்தார், விறகு ஏற்றுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். செருப்பும் மாட்டுக் கழுத்துப் பட்டியும் செய்கிற என் புருஷனிடம் நேரே வருவார்கள். தோல் வைத்திருப்பவன்தான் மாட்டையும் களவெடுத்திருப்பான் என்பது ஊரின் கணக்கு. எங்கள் சாதியையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் வந்து தோல்களைக் கிளறிவிட்டுப் போன பிறகு அன்று முழுவதும் என் புருஷனுக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது. அவர் ஒரு ஈயைக்கூட அடிக்கத் தயங்குகிற மனிதர். ஒரே ஒரு பிழையான தோல் எங்கள் கொட்டிலில் அகப்பட்டால் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் நான் பயந்தேன். பயம் கூடக்கூட எனக்குக் கோபமும் கூடியது.

அந்த நாளில் எங்களுக்குத் தோல் வவுனியாவிலிருந்து வந்தது. அங்கே ஒரு முதலாளி. முன்கடையில் அரிசியும் எண்ணெயும், பின்கட்டில் தோல். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கல்லாவில் இருப்பார், தோலை வேலையாள்தான் எடுத்துக் கொடுப்பான். என் புருஷன் போனால் சுருட்டிக் கட்டியதை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வயிற்றுத் தோல். மாட்டின் முதுகுத் தோல் இறுக்கமானது, வருஷக்கணக்கில் உழைக்கும். வயிற்றுத் தோல் இழுபடும். அதில் வார் வைத்துத் தைத்த செருப்பு ஒரு மழைக்குள் தொளதொளத்துப் போகும். போட்டவர் வந்து அதை எங்கள் முன்னால் எறிந்து ஏசிவிட்டுப் போவார். முதுகுத் தோலின் விலையைக் கொடுத்து வயிற்றுத் தோலை வாங்கி, ஏச்சை இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தோம்.

"இனி நான் போறன்" என்றேன்.

"பொம்பிளை போற இடமே அது?"

"தைக்கிறது பொம்பிளை எண்டால் வாங்கிறதும் பொம்பிளைதான்."

அவர் வெட்டுவார், நான்தான் தைப்பேன். அவர் காசை எடுத்து என் கையில் தந்தார்.

காலை ரயிலில் போனேன். முதலாளி என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். வேலையாள் கொண்டுவந்த கட்டை அங்கேயே அவிழ்த்தேன். ஓரத்தைச் சீவிப் பார்த்தேன். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தது. பதமாக்கும் பட்டைச் சாறு உள்ளே ஊறவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"இது வயித்துத் தோல். அரைப் பதம். எனக்கு முதுகுத் தோல் காட்டுங்கோ."

"உன்ர புருஷன் ஒரு நாளும் இப்பிடிக் கேட்டதில்லை."

"அதுதான் நான் வந்தனான்."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்கட்டின் உள்ளறையிலிருந்து வேறு இரண்டு தோல் எடுப்பித்தார். கையில் வாங்கியதுமே தெரிந்தது, நல்ல தடிப்பு, நல்ல பதம். விலையோ அந்த வயிற்றுத் தோலைவிடக் குறைவு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த நேரம் ஊரில் வயல் வைத்திருந்த ஒரு கமக்காரர், வண்டில் பந்தயம் ஓடுகிற தன்னுடைய சவாரி மாடுகளுக்குச் சலங்கைப் பட்டி தைக்கச் சொல்லியிருந்தார். இந்தத் தோலில் தைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். நிலத்தில் விரித்தேன். இடுப்புக்குக் கிட்ட, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வட்டமாக ஓட்டை. மற்றதை விரித்தேன். அதிலும் அதே இடத்தில் ஓட்டை.

வன்னியில் மாடுகள் காட்டில் அவிழ்த்துவிட்டு மேய்பவை. எது யாருடையது என்று தெரிய, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சொந்தக்காரரின் எழுத்தை மாட்டின் இடுப்புப் பக்கத்தில் சுடுவார்கள். அதற்குப் பெயர் குறி. மாடு செத்தாலும், தோல் பதமானாலும், அந்தத் தழும்பு போகாது. அதை வெட்டி எடுக்கிறவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"இது என்ன ஓட்டை?"

"பூச்சி அரிச்சது."

"பூச்சி கத்தியாலயோ அரிக்கிறது?"

முதலாளியின் முகம் மாறியது. "விலை பிடிச்சால் எடு. இல்லாட்டி நடையைக் கட்டு" என்றார்.

நடையைக் கட்டினேன். வெறுங்கையோடு ரயிலில் இருக்க அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். களவுத் தோல் அந்த மனிதரின் உள்ளறையில் பத்திரமாக இருக்கிறது, ஒரு விதானையாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தோலைத்தான் ஊர் கூடிக் கிளறுகிறது. இதை வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க நான் பிறக்கவில்லை.

அரசாங்க பஸ் ஓடத் தொடங்கிய புதிது. அடுத்த கிழமை முல்லைத்தீவுக்குப் போனேன். அங்கே இறைச்சிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, வளவுக்குள்ளேயே ஆவரசம் பட்டை ஊறப்போட்டுத் தோல் பதமாக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, தன்னிடமுள்ள நல்ல தோல்களை விரித்துக் காட்டினார். எல்லாம் திறம். விலையும் திறமாகவே இருந்தது. அப்போதுதான் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த குவியலைக் கண்டேன்.

"அதென்ன நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அது குறி விழுந்த தோல் தங்கச்சி. யாழ்ப்பாணத்து யாவாரிமார் ஏறெடுத்தும் பாக்கமாட்டினம். தழும்பு விழுந்தால் பெரிய வேலைக்கு உதவாது."

"எனக்கு அதுதான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். எங்களுடையது வார் வேலை. ஒடுக்கமாக வெட்டுகிறவர்களுக்குத் தழும்பைச் சுற்றி வெட்டுவது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் அந்தத் தழும்பு இருந்தால், இது இன்னாருடைய மாடு என்று தோலே சொல்லும். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டிருந்தார்.

"அப்ப விலையைக் கூட்டிச் சொல்லவேண்டியதுதான்" என்றார்.

"கூட்டிப் பாருங்கோ. இன்னும் பத்து வருஷத்துக்கு அந்த மூலையிலதான் கிடக்கும்."

வாய்விட்டுச் சிரித்தார். பேரம் பேசப் பேச மத்தியானமாகிவிட்டது. கடைசியில் இருவருக்கும் நோகாத ஒரு விலைக்கு வந்தோம். ஒவ்வொரு தோலையும் யாரிடம் வாங்கினார் என்பதையும் சொல்லி அனுப்பினார். திரும்பும்போது பஸ் கண்டக்டர் தோல் கட்டை உள்ளே ஏற்றமாட்டேன் என்று முறைத்தார். கூரையில் போடச் சொல்லிவிட்டு நான் முன் சீட்டில் இருந்தேன்.

வயிற்றுத் தோல் தொல்லை அன்றோடு ஒழிந்தது. வார்களை வெட்டினாலும் குறி இருக்கும் துண்டை மட்டும் வெட்டாமல் வைத்தோம்.

சவாரிக்கு இன்னும் சில நாள்தான். சலங்கைப் பட்டிகள் பாதி தைத்தபடி இருந்தன. அதே கமக்காரருடைய பசு ஒன்று காணாமற் போய்விட்டது. விதானையாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். விதானையார் தோலைக் கையால் தொடுகிறவர் இல்லை. பிரம்பின் நுனியைக் கொடுத்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் புழுதியில் போட்டார். என் புருஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். சந்தியில் நின்ற சனமும் கூடிவிட்டது.

"விதானையார், வடிவாப் பாருங்கோ" என்றேன். "எல்லாத்திலயும் குறி இருக்கு. சத்தமா வாசியுங்கோ, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவருக்கு வாசிக்காமல் இருக்க வழியில்லை. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அது யாருடைய மாடு, யார் விற்றது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கூட்டத்தில் நின்ற ஒருவர், "ஓம், அது என்ர மாடுதான், நான்தான் வித்தனான்" என்றார். கமக்காரருடைய குறி ஒன்றிலும் இல்லை.

"ஓட்டை விழுந்த தோல் வவுனியாவில ஒரு பெரிய கடையின்ர உள்ளறையில கிடக்கு. அங்கயும் இந்தப் பிரம்போட போவியளோ?"

"சரி சரி, எடுத்து உள்ள வையுங்கோ" என்று விதானையார் திரும்பினார். என் புருஷன் குனிந்தார். நான் அவருடைய தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"இழுத்துப் போட்டவைதான் எடுத்து வைக்க வேணும்."

"எடியேய், ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுமே?" என்று கமக்காரர் சீறினார்.

"தெரிஞ்சுதான் கதைக்கிறன். எடுத்து வைக்குமட்டும் இஞ்ச ஊசி ஓடாது. சலங்கைப் பட்டி இல்லாமல் சவாரிக்குப் போகலாம்."

கமக்காரர் என்னைப் பார்த்தார், பாதி தைத்த பட்டிகளைப் பார்த்தார், கூடி நின்ற சனத்தைப் பார்த்தார். யாரும் கலைந்து போகிற மாதிரித் தெரியவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். முழு மாட்டுத் தோலை ஒருவரால் சுருட்ட முடியாது. மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். விதானையார் பிரம்பைக் கமுக்கட்டுக்குள் செருகிக்கொண்டு தானும் குனிய வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் உள்ளே போகவேண்டும் என்பதை நான் நின்று சொன்னேன்.

அவர்கள் போனதும் என் புருஷன் பாதி தைத்த பட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிறகு, "அவை குனியாமப் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டார்.

"தோல் எல்லாம் அந்தப் புழுதியிலயே கிடந்து உக்கியிருக்கும்" என்றேன்.

அவர் ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டினார்.