எந்தப் பக்கம் என்று கேட்ட அதிகாரிக்கு

அந்த இன்டர்வியூவில் பொய் சொன்னது நான் இல்லை. நீங்கள்தான். மேசைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இது சும்மா பேசிப் பழகுவதற்கு, இதற்கு மார்க் கிடையாது" என்று சொல்லி ஒரு கேள்வி கேட்டீர்கள். பிறகு அந்தக் கேள்வியை வைத்தே என்னை வெளியே தள்ளினீர்கள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

நான் பால் பரிசோதிக்கிறவள். அதற்குத்தான் படித்தேன். கோயம்புத்தூரில் ஒரு பால் கம்பெனியின் லேபில் சில வருஷம் இருந்தேன். டாங்கரில் வருகிற பாலைப் பார்த்து, இறக்கலாமா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, கேரள எல்லைக்குள் நல்லேப்பிள்ளிப் பக்கம் என் கணவர் வீட்டுக்கு வந்தேன். வயல், நான்கு மாடு, மாமனார், மாமியார், மகள். கணவர் ஷார்ஜாவில். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வருஷம் அவருக்குக் குடும்ப விசா எடுக்க வழி கிடைத்தது. போனில் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஏனுங் மாமா, நான் அங்க வந்து என்ன பண்றது?"

"ரெஸ்ட் எடு அம்மிணி."

"நானென்ன ஆஸ்பத்திரில இருந்தா வர்றேன், ரெஸ்ட் எடுக்க?"

அவர் கெட்டவர் இல்லை. குடும்பம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமும் இல்லை. ஆனால் அங்கே எனக்கு வேலை கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஊரைப் பிரிய முடியவில்லை என்று நான் அழவில்லை. இந்த ஊர் வெயிலை யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். எனக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் அவரே ஒரு கெடு வைத்தார். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பக்கத்துல ஒரு வேலை கெடைச்சா அங்கயே இரு. இல்லாட்டி டிக்கெட் போட்டர்றேன்."

அப்போதுதான் உங்கள் கம்பெனியின் விளம்பரம் வந்தது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் புதிய பிளாண்ட், எல்லைக்கு இரண்டு பக்கமும் பால் வாங்கப் போகிறோம், லேபுக்கு ஆள் வேண்டும் என்று. எனக்காகவே போட்டது போல இருந்தது.

இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்தேன். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள், உங்கள் பலவீனம் என்ன, உங்களை ஏன் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு பதில். மாமியார் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினார்.

"உங்கிட்ட இருக்கற கெட்ட கொணம் என்னன்னு சொல்லு."

"அளவுக்கு மீறி உழைக்கறதுதானுங்கத்தை."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இதை எவன் நம்புவான்? வாய்தான் கெட்ட கொணம்னு சொல்லு. நெசத்தைச் சொன்ன மாதிரியும் இருக்கும்."

"அப்படிச் சொன்னா வேலை குடுப்பாங்களா?"

"அப்ப வாயை மூடிக்க. அவனுக கோவம் வர்ற மாதிரி எதையாச்சும் கேட்டா, ஒரு வாய் தண்ணிய எடுத்து வெச்சுக்க. வாயில தண்ணி இருந்தா பேச முடியாதல்ல? முழுங்கறதுக்குள்ள கோவம் போயிரும்."

நான் பார்த்த எல்லா வீடியோவையும்விட உருப்படியான யோசனை அது.

பாலக்காட்டில் ஒரு ஓட்டல் ஹாலில்தான் இன்டர்வியூ. நீங்கள் நடுவில். உங்களுக்கு இடப்பக்கம் லேப்டாப்போடு ஓர் இளம் பெண். வலப்பக்கம் கோயம்புத்தூரிலிருந்து வந்த புரொடக்‌ஷன் மேனேஜர். என் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மாமியாரே வந்து வைத்துவிட்டுப் போன மாதிரி எனக்குத் தைரியம் வந்தது.

முதல் கேள்வி அந்தப் பெண்ணுடையது. "இந்த ஹாலுக்குள்ள எத்தனை பால் பாக்கெட் அடுக்கலாம்?"

அடுக்கவே விடமாட்டேன், ஏ.சி. நின்றால் மொத்தமும் திரிந்துபோகும் என்றேன். கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வாயில் வந்த ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் அதை மிகுந்த மரியாதையோடு டைப் செய்துகொண்டார்.

அடுத்து, நான் ஒரு மிருகமாக இருந்தால் என்ன மிருகம் என்றார்.

"எருமைங்க."

"ஏன்?"

"கொழுப்பு ஜாஸ்தி."

மேனேஜர் சத்தமாகச் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு நீங்கள் ஆரம்பித்தீர்கள். வேலை இல்லாத வருஷங்களில் வீட்டில் சும்மாவா இருந்தீர்கள்? ஒரு வாய். கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு வேலை? ஒரு வாய். இரண்டாவது குழந்தைக்கு யோசனை உண்டா? அதற்குப் பெரிய வாயாக இரண்டு. டம்ளர் காலி. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன்.

மேனேஜர் மட்டும்தான் பாலைப் பற்றிக் கேட்டார். கலப்படம் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், டாங்கர் டிரைவர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர் தமிழில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். நீங்கள் மலையாளத்தில் கேட்டபோது மலையாளத்தில் சொன்னேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். பஸ் கண்டக்டரிடம் மலையாளம், பக்கத்து சீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், வெளியே வந்து அந்த ஆபீசரைத் திட்டுவது தமிழில். கேட்கிறவர் மொழியில் பதில் சொல்வதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் வேறு மாதிரி நினைத்தீர்கள் போலிருக்கிறது. என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இதற்கு மார்க் கிடையாது என்று சொன்னது அப்போதுதான். நீங்கள் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறதே, அதில் நீங்கள் எந்தப் பக்கம்? கேரளமா, தமிழ்நாடா?"

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆழியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வந்தால்தான் எங்கள் சித்தூர்ப் பக்கத்து வயல்கள் பிழைக்கும். வருவது குறைந்தால் இங்கே மறியல், அங்கே அறிக்கை. என் தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுத் தென்னைக்கும் அதே ஆற்றுத் தண்ணீர்தான்.

"வயலுக்குத் தண்ணி வர்ற பக்கம் சார்" என்றேன், மலையாளத்தில்.

"அது பதில் இல்லை. ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள்."

தங்கை விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தோட்டத்தில் எது காய வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நீங்கள் விடவில்லை. நாளைக்கு எல்லையில் தகராறு வந்து பால் வண்டிகளை நிறுத்திவிட்டால் உங்கள் விசுவாசம் யாரிடம் என்றீர்கள்.

கை டம்ளருக்குப் போனது. தண்ணீர் இல்லை.

"பால்கிட்ட சார். வண்டி நின்னா பால் கெட்டுப்போகும். நான் அதைத்தான் பார்ப்பேன். நீங்க ரெண்டு பக்கமும் வாங்கப் போறீங்களே, மாட்டை எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் வாங்குவீங்களா?"

மேனேஜர் தன் டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார். நீங்கள் ஃபைலை மூடினீர்கள். "தெரிவிக்கிறோம்" என்றீர்கள்.

சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "போனா?" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் அந்த லேப்டாப் பெண் கூப்பிட்டு, வேலை இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். பொதுவாக ஏதோ சொன்னார். விடாமல் கேட்டேன். "கேட்பவருக்குத் தகுந்த மாதிரி பேசுறீங்க, நிலைப்பாடு தெளிவா இல்லைன்னு சார் சொன்னார்" என்றார்.

"எந்தக் கேள்வியில?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தண்ணீர்க் கேள்விதான், சேச்சி" என்றார். அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். அன்றைக்கு எனக்கு உண்மை சொன்னது அவர் ஒருவர்தான்.

ஷார்ஜாவிலிருந்து கணவர், "சரி உடு. டிக்கெட் பாக்கட்டுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லை. பார்க்க வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. மகள் விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தயிரும் பனீரும் செய்கிற ஓர் அம்மா பால் பரிசோதிக்க ஆள் தேடுவதாக, எங்கள் வீட்டுப் பாலை எடுக்கிற பால்காரர் சொன்னார். ஷெட் மாதிரி ஒரு கட்டடம். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி, கையில் கேன். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுக் கேனைக் கழுவிக்கொண்டே கேள்வி கேட்டார். இங்கே என்ன குண்டு வரப்போகிறதோ என்று நான் மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

"ஸ்கூட்டர் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவனுங்க."

"காலைல அஞ்சரைக்கு வந்தர முடியுங்களா? மத்தியானம் ஊட்டுக்குப் போயிரலாம்."

"முடியுங்க. அத்தை புள்ளையப் பாத்துக்குவாங்க."

"பாலு சரியில்லீன்னா, சொந்தக்காரங்க கொண்டாந்தாலும் திருப்பி அனுப்புவீங்களா?"

"எங்க மாமியாரே கொண்டாந்தாலும் அனுப்புவனுங்க."

அவர் தலையாட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பாம்புன்னா பயமுங்களா?"

ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அங்கே மிருகம், இங்கே பாம்பு. இந்தத் தடவை கோட்டை விடக் கூடாது. நிமிர்ந்து நின்று, வீடியோவில் பழகியதை ஒப்பித்தேன். "பயம்ங்கறது ஒரு சவால் மேடம். அதை நான் வளர்ச்சிக்கான வாய்ப்பாகப் பார்க்கிறேன்."

அந்த அம்மா குழாயை மூடினார்.

"அம்மிணி, நாஞ் சாரைப்பாம்பைக் கேக்கறேன். பால் கூலருக்குப் பின்னால சூடா இருக்குதுன்னு வந்து படுத்துக்குது. முன்னாடி இருந்த புள்ள அதைப் பாத்துட்டுத்தான் வேலைய உட்டு நின்னுட்டா. நீங்க என்னமோ வளர்ச்சிங்கறீங்க. அது ஏற்கெனவே ஆறடி இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மோர் புரையேறியது. அவரும் சிரித்துவிட்டு என் தலையில் தட்டினார். பல வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. மனுஷர் மனுஷரைக் கேட்கிற கேள்வி இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தெரிய வேண்டியதைக் கேட்பார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்.

"பயந்தானுங்க. ஆனா வேலைய உட்டுட்டு ஓட மாட்டேன்."

"அது போதும். திங்கக்கெழமை வந்துருங்க."

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். "டிக்கெட் வேண்டாமுங் மாமா. வேலை கெடைச்சிருச்சு."

"அப்படியா! என்ன கேட்டாங்க?"

"பாம்பைப் பத்தி."

"அந்தப் பாம்பு பாவம்" என்றார். கொஞ்சம் வருத்தப்பட்டார், மறைக்கவில்லை. ஆனால் பேச்சு மாறவில்லை. லீவுக்குத் தானே வருவதாகச் சொன்னார், வந்தார்.

இப்போது விடியும்போது லேபில் இருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கேன்கள் வருகின்றன. மோசமான பாலை இரண்டு பக்கத்துக்கும் திருப்பி அனுப்புகிறேன், இரண்டு மொழியிலும் திட்டு வாங்குகிறேன். சாரைப்பாம்பு கூலருக்குப் பின்னால் தன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில். உங்களிடம் வேலை கிடைக்காமல் போனது நல்லதுதான் என்று இப்போது நிம்மதியாக இருக்கிறது. அன்றைக்கு ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லி உள்ளே வந்திருந்தால், ஒவ்வொரு நாளும் அதையே சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியிருந்திருக்கும்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடக்கப்போகும் பால்காரர்கள் கூட்டத்துக்கு நீங்கள் பேச வருவதாக முச்சந்தியில் பேனர் கட்டியிருக்கிறார்கள். உங்கள் படத்துக்குக் கீழே, எங்கள் கம்பெனிக்கு எல்லை இல்லை, இரு பக்கத்து விவசாயிகளும் எங்கள் குடும்பம் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது. பால்காரர்களோடு நானும் எங்கள் முதலாளியம்மாவும் வருகிறோம். முன்வரிசையில் உட்காருவோம்.

எனக்கு வேலை வேண்டாம். எனக்குப் பின்னால் இந்த ஊர்ப் பிள்ளைகள் உங்கள் முன்னால் வந்து உட்காரப் போகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கு மார்க் போட்டீர்களா, இல்லையா? இனியும் அதைக் கேட்பீர்களா? மைக்கில் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் சரி, மலையாளத்தில் சொன்னாலும் சரி, எங்களுக்குப் புரியும். மேடையில் உங்களுக்கும் தண்ணீர் வைத்திருப்பார்கள். கோபம் வந்தால் ஒரு வாய் குடித்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.