ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு மூன்று கடிதங்கள்

முதலாவது

"மிஸ், என்ன மவுத்தாக்கிப் போட்டீங்களே!"

மாம்புரியில் மீன்பிடித் தொழில் செய்யும் ரபீக் இப்படிக் கத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது நான் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புத்தளம் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் இருபத்திரண்டு வருடம் டைப் செட்டிங் செய்தவள் நான். யுத்தத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, தெரிந்த ஒரே வேலையில் குந்திவிட்டேன். போட்டோகொப்பி, சுயவிபரக்கோவை, கந்தோர்களுக்குப் போகும் விண்ணப்பக் கடிதம் எல்லாம் என் கையால்தான் போகும்.

போன கிழமை ரபீக்கின் மனைவி ஜெஸீமா வந்திருந்தார். கல்பிட்டியிலிருந்து வரும் பஸ் அவர்களுடைய சந்தியில் நிற்பதில்லை. உயர்தரம் படிக்கும் மகள் ஸஹ்ரா, புத்தளத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பிந்திப் போகிறாள். சந்தியில் ஒரு தரிப்பிடம் கேட்டு டிப்போ மேனேஜருக்குக் கடிதம் வேண்டும். கணினியில் கிடந்த பழைய கடிதமொன்றைத் திறந்தேன். பெயர், முகவரி, கோரிக்கை மூன்றையும் மாற்றி இரண்டு நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். என் வேகத்தில் எனக்கு அப்படியொரு பெருமை.

பழைய கடிதம் ஒரு விதவைப் பெண்ணுடையது. 'கணவரை இழந்து தனிமரமாக நிற்கும் நான்' என்ற வரி அப்படியே போய்விட்டது. மேனேஜர் இரக்கமுள்ளவர். கடிதத்திலிருந்த இலக்கத்துக்கு போன் எடுத்து அனுதாபம் சொல்லியிருக்கிறார். மறுமுனையில் பேசியது ரபீக்.

"எண்ட பொஞ்சாதிட புருசன் மவுத்தாம், அப்ப நீங்க யாருண்டு கேக்கிறாரு மிஸ்! நான் என்னத்தச் செல்ல?"

"பிழையாப் போச்சு தம்பி, திருத்தித் தாறன்" என்றேன். வேறு என்ன சொல்ல? கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், இடையில் மூளை லீவில் இருக்கும். இதுதான் என் தொழில் இரகசியம்.

போகும்போது ரபீக் குரலைத் தணித்துச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் லேட்டெண்டு ஸ்கூல்ல இருந்து கோல் வருது மிஸ். இந்தத் தவணைக்குள்ள பஸ் நிக்காட்டி புள்ளைய வீட்டுல நிப்பாட்டிருவன்."

இரண்டாவது

அடுத்த நாளே கணினி கோபித்துக்கொண்டது. அதைத் திருத்தி வரும்வரை கடைக்குள் இருந்து வேர்ப்பதைவிட, நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கலாம் என்று போனேன். அறிவைத் தேடிப் போனதாக எழுத ஆசைதான், ஆனால் போனது காற்றுக்கு. சும்மா கதிரையில் இருந்தவளை நூலகர் முறைத்தார். பயத்தில் கையில் பட்ட நாவலை எடுத்து விரித்தேன். பத்தாம் பக்கத்தில் மின்விசிறியை மறந்துவிட்டேன்.

ஒரு கிழமையில் மூன்று நாவல். தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. கணினி வந்ததும் ஜெஸீமாவுக்காகப் புதுக் கடிதம் எழுதினேன், சொந்தக் கற்பனையில். 'கடலலைகூடக் கரையில் ஒரு கணம் நின்று போகிறதே. பேருந்தே, நீ நிற்க மாட்டாயா?' எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்தேன்.

மேனேஜர் கடிதத்தை ஜெஸீமாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். "வாசிக்க நல்லாத்தான் இருக்கு. எந்தச் சந்தியெண்டு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாராம்.

சந்தியின் பெயரை நான் எழுதவே இல்லை.

மூன்றாவது

வெட்கத்தில் இனிப் புத்தகமே தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் கையிலிருந்த நாவலில் முப்பது பக்கம் மிச்சம். விட முடியவில்லை. அதில் வரும் பெண் ஏழை என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. சேலையின் கிழிசல் உள்ளே போகும்படி அவள் மடிப்புக் கொய்து உடுத்தும் விதம் மட்டும் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'பிறகு? அப்போது அவள் எங்கே நின்றாள்?' என்று கேட்டுக்கொண்டே வாசித்தேன். கடையில் என் முன்னால் வந்திருக்கும் மனிதர்களிடம் இப்படி ஒரு நாளும் கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

ஜெஸீமா மறுபடி வந்தபோது மகளையும் கூட்டி வந்தார்.

"பஸ் நிக்காட்டி, பிள்ளை எப்பிடித்தான் போகுது?" என்று கேட்டேன்.

"எப்பிடியோ ஏறித்தானே போறா" என்ற ஜெஸீமா மகளைப் பார்த்தார். "எங்க புள்ள ஏறுறாய்?"

ஸஹ்ரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அங்கால சந்திக்கு நடந்து போறன், கல்பிட்டிப் பக்கம். அங்கதான் நிப்பாட்டுவாங்க. நான் போய்ச் சேர மொத பஸ் போயிரும். அடுத்த பஸ் எங்கட வீட்டடியாலதான் வரும். உம்மா வாசல்ல நிப்பீங்க. நான் குனிஞ்சுருவன்."

"ஏன்டி எனக்கிட்டச் செல்லல்ல?"

"அவ்வளவு தூரம் தனிய நடக்கிறனெண்டு தெரிஞ்சா வாப்பா அன்டைக்கே நிப்பாட்டிருவாங்க."

ஜெஸீமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வாப்பாக்கு நான் செல்றன். நீங்க எழுதுங்க மிஸ்" என்றார்.

ஏழே வரி. 'என் மகள் புத்தளம் போவதற்காக முதலில் கல்பிட்டிப் பக்கம் நடக்கிறாள். பிறகு அவள் ஏறும் பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது.' சந்தியின் பெயரை இரண்டு தரம் போட்டேன். தானும் கையொப்பம் வைக்க வந்த ரபீக் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். அடுத்த நாளிலிருந்து, கடலால் வந்த கையோடு மகளுடன் அங்கால சந்திவரை அவரும் நடந்தார். இரண்டு கிழமையில் பஸ் அவர்களுடைய சந்தியில் நிற்கத் தொடங்கியது. ஸஹ்ரா பரீட்சை எழுதினாள்.

வாசித்தால் கற்பனை வளரும் என்பார்கள். என் கற்பனை வளர்ந்த இலட்சணத்தை இரண்டாவது கடிதத்தில் கண்டீர்கள். இல்லாததைச் சோடிப்பதல்ல, இன்னொருவர் நடக்கும் பாதையில் மனத்தால் கூடவே போய்ப் பார்ப்பதுதான் கற்பனை என்பது பிந்தித்தான் விளங்கியது. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, பெயரை மாற்றிக் கொடுப்பதற்காக எந்தப் பழைய கடிதத்தையும் நான் திறக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னே எத்தனை பேர் என் முன்னால் வந்திருந்துவிட்டு, சொல்ல இருந்ததைச் சொல்லாமலே எழும்பிப் போனார்களோ. அவர்களிடம் நான் கேட்டதெல்லாம் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்தான்.