ராத்திரிக்கு முறை இல்லை

முசரவாக்கம் ஆதிகேசவனை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனிதர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

அப்பா வெட்டிய ஒரே கிணறு அவருக்கும் தம்பி முனிரத்தினத்துக்கும் பொது. ஒரு நாள் அண்ணன் மாடு கவலை இழுத்து, தோல் சாலில் தண்ணீர் இறைக்கும், மறுநாள் தம்பி மாடு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒருவர் முறை. ராத்திரிக்கு முறை என்று ஒன்று கிடையாது. மாடு தூங்க வேண்டும், கிணறு ஊற வேண்டும். இதையெல்லாம் யாரும் பேசி வைத்ததில்லை.

அறுபத்தேழாம் வருஷம் சர்க்கார் மானியம் வந்தது. கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்தால் செலவில் ஒரு பங்கு கொடுப்பார்கள். ஆனால் ஒரு கிணற்றுக்கு ஒருவர் பெயரில்தான். யார் பெயரில் எழுதுவது என்று கிராம சேவக் கேட்டார்.

"எங்க அண்ணன் பேர்லயே எழுதிக்கோங்க சார். அவரு வேற, நான் வேறயா?" என்றான் முனிரத்தினம்.

"உன் முறைக்கு நீயும் மோட்டாரப் போட்டுக்கோடா," என்றார் ஆதிகேசவன். அன்று அதை மனதாரத்தான் சொன்னார்.

மோட்டார் வந்து இறங்கியதும் மனசு மாறிவிட்டது. தம்பி கைபட்டு எரிந்துபோனால்? கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். கேட்டால் கொடுத்துவிடுவோம் என்று தமக்குத் தாமே சமாதானம் வேறு. முனிரத்தினம் வாய்விட்டுக் கேட்கிறவன் இல்லை. அது அண்ணனுக்குத் தெரியாதா என்ன?

கரண்ட் பகலில் பேருக்கு வந்து போகும். ராத்திரியில்தான் நிலையாக நிற்கும். ராத்திரிதான் யார் முறையும் இல்லையே! ஆதிகேசவன் விடிய விடிய மோட்டாரை ஓட்டினார். காலையில் தம்பி மாட்டைப் பூட்டிக் கிணற்றில் சால் இறக்கினால் அது சேற்றில் போய் இடிக்கும். அந்த நவரைப் பட்டத்தில் முனிரத்தினத்தின் நெல் கதிர் விடுகிற சமயத்தில் கருகிப்போனது. வரப்புக்கு இந்தப் பக்கம் அண்ணன் கழனி பச்சைப்பசேலென்று நின்றது.

முனிரத்தினம் கருகிய பயிரில் மாட்டை மேயவிட்டான். பிறகு மாட்டையும் விற்றுவிட்டு, பெண்டாட்டி மணியம்மாளோடு பிள்ளையார்பாளையம் போய்ச் சாயப்பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான். பட்டு நூலை அலசி அலசி, நாள் முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கிற வேலை.

ஆதிகேசவனுக்கு அந்த விளைச்சல் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விட்டால்தானே? இரண்டு வருஷம் கழித்துத்தான் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றார்.

"ராத்திரிக்கும் முறை வச்சிக்கலாம்பா. இந்தா, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். வந்துடு."

முனிரத்தினம் சாயம் ஏறிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். சாவியை வாங்கவில்லை.

"நீ ஒரு நாளாவது முறை தப்பியிருந்தா, நாலு பேரக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேண்ணா. சண்ட போட்டுக்கினு அங்கியே இருந்திருப்பேன். நீதான் தப்பவே இல்லியே."

பிறகு அண்ணி சௌக்கியமா என்று விசாரித்து, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டான்.

ஊருக்கு வந்த ஆதிகேசவன் அதற்கப்புறம் கொட்டகையைப் பூட்டவே இல்லை. மறுநாள் தம்பி முறை. மோட்டாரைப் போட்டு, மடையைத் திருப்பி, தரிசாகக் கிடந்த தம்பி கழனிக்குத் தண்ணீர் விட்டார். அன்றிலிருந்து ஒரு முறைகூட அவர் தப்பவில்லை. கழனியில் கோரைப் புல்தான் செழித்து வளர்ந்தது.