பின்னாலிருந்து புத்தகம் திறப்பவர்

பிள்ளைகளா, உங்கள் அப்பா வெட்கப்பட்ட கதை இது. ஒரகடம் தொழிற்சாலையில் மெஷின் கையேட்டைக் கம்ப்யூட்டரில் அடித்தவன் நான்தான். எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் வரும் அகரவரிசைப் பட்டியலுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின் வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்து, அந்தப் பட்டியல் பக்கத்தில்தான் திறப்பார். ஒருநாள் கையேட்டோடு என்னிடம் வந்தார்.

"இதுல 'கை' எங்க சார் கீது?"

சிரித்துவிட்டேன். "பட்டியல்ல கையெல்லாம் போட மாட்டாங்க. மெஷின்ல ஏதாவது மாட்டினா எடுக்கறதுக்கு 'அவசர விடுவிப்பு'ன்னு பாருங்க."

"போன வாரம் நம்மாளு கை மாட்டிக்கினப்போ 'கை'ன்னுதான் சார் தேடினேன். பக்கம் கெடைக்கறதுக்குள்ள ரெண்டு விரல் போச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று எல்லோரும் சாப்பிடப் போனபின், 'அவசர விடுவிப்பு' இருந்த பக்கத்துக்கே 'கை மாட்டினால்' என்றும் பட்டியலில் சேர்த்தேன். புதுப் பட்டியலை அச்செடுத்து, அவருடைய மெஷின் கையேட்டில் நானே ஒட்டினேன்.